செசில் குடும்பமும் காலந்தாழ்த்தும் கலையும்

லண்டன் மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் ஹற்பீல்ட் என்னும் ஊர் உள்ளது. 1558ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில், அங்கிருந்த பழைய அரண்மனையில் வாழ்ந்த இளவரசி எலிசபெத்துக்குத் தமக்கை மேரி அரசி இறந்த செய்தி எட்டியது. தோட்டத்து ஓக் மரமொன்றின் கீழ் அவர் இருந்தபோதே அச்செய்தி வந்தது என்பது செவிவழிக் கதை. புதிய அரசி தமது முதலாவது ஆலோசனைச் சபையை அவ்வரண்மனை மண்டபத்திலேயே கூட்டினார். அச்சபையிலே செயலாளராகப் பொறுப்பேற்றவர் வில்லியம் செசில் என்னும் 38 வயதுடைய உத்தியோகத்தர். அன்று அரசிக்கு உரியதாயிருந்த ஹற்பீல்ட் நிலம் அரை நூற்றாண்டு கழியுமுன்னர் அவ்வுத்தியோகத்தரின் மகனுக்கு உரியதாயிற்று. அவர் அங்கு எழுப்பிய மாளிகை இன்றும் அக்குடும்பத்தின் இருப்பிடமாகவே உள்ளது.

ஐரோப்பியப் பிரபுக்குலங்களின் வரலாற்றை நோக்குவோர்க்கு இத்தொடர்ச்சி வியப்பளிப்பதாகும். பிரான்சின் பிரபுக்குலம் 1789இல் தொடங்கிய புரட்சியிலே தன் உரிமைகளை ஒரே மூச்சில் இழந்தது. ரசியாவின் பிரபுக்குலம் 1917இல் துடைத்தெறியப்பட்டது. ஆங்கிலப் பிரபுக்குலமோ ஆட்சிப் பொறுப்பிலிருந்து படிப்படியாக, நூற்றாண்டுக் கணக்கில், பேரம் பேசிக்கொண்டே இறங்கியது. இவ்விறக்கத்தின் ஒவ்வொரு படியிலும் செசில் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைக் காணக்கூடியதாயிருக்கிறது. முற்றாக மறுத்தலுமின்றி, முற்றாக இணங்குதலுமின்றி, தவிர்க்கவியலாத மாற்றத்தைத் தமக்கு உவந்த காலம் வரை தாமதப்படுத்தி, தமக்கு உவந்த நிபந்தனைகளுடன் ஏற்றுக்கொள்ளுதலே அவர்களது அரசியல் முறை. பிரித்தானிய அரசியலுக்கு அக்குடும்பம் விட்டுச்சென்ற பிரதான சொத்து இதுவே எனலாம். இம்முறைக்கான விலை எங்கே கொடுக்கப்பட்டது, யாராற் கொடுக்கப்பட்டது என்பதும் உடன் ஆராயப்படவேண்டியதாகும்.

செசில்கள் தொன்மையான போர்வீரப் பிரபுக்கள் அல்லர். வேல்ஸ் எல்லைப்புறத்திலிருந்து வந்து ஏழாம் ஹென்றியின் பணியிற் சேர்ந்த டேவிட் செசில் என்பவரின் பேரனே வில்லியம். கல்வியும் கணக்கும் கடிதம் எழுதும் திறனுமே இவரது ஆயுதங்கள். ஆறாம் எட்வேட்டின் புரட்டஸ்தாந்த அரசில் 1550இல் செயலாளரான இவர், அடுத்து வந்த மேரியின் கத்தோலிக்க ஆட்சியில் தீக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த மதத் தியாகிகளின் வழியைப் பின்பற்றவில்லை. அமைதியாகப் பூசைக்குச் சென்று தம் உயிரையும் நிலத்தையும் காத்துக்கொண்டார். எலிசபெத்தின் கீழ் 40 ஆண்டுகள் பணிபுரிந்து, 1571இல் பேர்லி பிரபுவாகி, 1572 முதல் 1598இல் இறக்கும் வரை திறைசேரித் தலைவராய் விளங்கினார். தந்தையை இழந்த பிரபுக்குலச் சிறுவரின் நிலங்களைப் பரிபாலிக்கும் நீதிமன்றத்தின் தலைமை 1561 முதல் இவர் கையில் இருந்தது. செசில் செல்வத்தின் ஊற்றுக்களில் இதுவும் ஒன்று. பழைய பிரபுக்களின் பிள்ளைகள் புதிய பிரபுவின் வீட்டில் வளர்ந்தனர் என்பது நிலமானிய வர்க்கத்தின் தலைமை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதை நன்கு புலப்படுத்துகின்றது.

பேர்லி எப்போதும் தாமதிப்பவராக இருந்தார் என்று கொள்ளல் தவறு. ஸ்கொத்லாந்தின் மேரி அரசிக்கு மரணதண்டனை விதிக்கும் ஆணையில் எலிசபெத் 1587இல் ஒப்பமிட்டுவிட்டு வழக்கம்போலத் தயங்கிக்கொண்டிருந்தபோது, அரசியை மீண்டும் வினவாமலே அவ்வாணையை அனுப்பிவைத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. அரசியின் சினத்துக்காளாகிச் சில காலம் அவர் முகத்தில் விழிக்கவும் இயலாதிருந்தார். எதைத் தாமதிப்பது, எதை விரைந்து முடிப்பது என்பதை அறிந்திருந்தமையே அவரது திறமை.

இரண்டாம் மகன் ரொபேட் செசில் தந்தையின் மாணவனாகவே வளர்ந்தார். உருவிற் சிறியவர், முதுகு கூனியவர். அரசவையிலே அவரது தோற்றம் ஏளனத்துக்குள்ளாயிற்று. அறிவு அச்சத்தை விளைத்தது. எலிசபெத் தம் வாரிசின் பெயரைக் கூற மறுத்துக்கொண்டிருந்த இறுதி ஆண்டுகளில், ஸ்கொத்லாந்தின் ஆறாம் ஜேம்ஸுடன் இவர் இரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அதன் பயனாக 1603இல் இங்கிலாந்தின் முடி ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் வேறொரு வமிசத்துக்கு மாறியது. 1605இல் இவர் சாலிஸ்பரி ஏர்ளாக உயர்த்தப்பட்டார். அதே ஆண்டில் தமையன் தோமஸ் எக்செற்றர் ஏர்ளானார். (இலங்கை வாசகர் நன்கறிந்த சோல்பரிப் பிரபு இக்குடும்பத்தவர் அல்லர், பெயரொலி ஒத்தமையால் மயங்குதல் கூடாது.) 1607இல் ஜேம்ஸ் மன்னர் செசிலின் திபோல்ட்ஸ் மாளிகையை விரும்பிப் பெற்றுக்கொண்டு, மாற்றாக ஹற்பீல்டைக் கொடுத்தார். பழைய அரண்மனையின் பெரும்பகுதியை இடித்து, அச்செங்கற்களையும் கொண்டு ரொபேட் புதிய மாளிகையைக் கட்டினார். அது நிறைவுற்ற வேளையில், 1612இல், அவர் பெருங்கடனுடன் இறந்தார்.

அடுத்து வந்த இரு நூற்றாண்டுகளைப் பற்றிக் கூறுவதற்கு அதிகமில்லை. இரண்டாம் ஏர்ள் உள்நாட்டுப் போரிலே பாராளுமன்றப் பக்கம் சார்ந்து, 1649இல் பிரபுக்கள் சபை ஒழிக்கப்பட்டபோது கூச்சமின்றிப் பொதுமக்கள் சபையிற் சென்று அமர்ந்தார். நான்காம் ஏர்ள் தவறான நேரத்திற் கத்தோலிக்கராகி, 1688 மாற்றத்தின் பின் சிறை கண்டார். மற்றையோர் வேட்டையாடினர், மணம் புரிந்தனர், கடன் பட்டனர். பாரிஸில் பஸ்ரீல் சிறை தகர்க்கப்பட்ட 1789ஆம் ஆண்டிலேயே ஏழாம் ஏர்ள் மார்க்விஸ் என்னும் மேலான பட்டத்தைப் பெற்றார் என்பது வரலாற்றின் நகைச்சுவைகளுள் ஒன்று. இரண்டாம் மார்க்விஸ் 1821இல் காஸ்கொயின் என்னும் செல்வக் குடும்பத்தின் ஒரே வாரிசை மணந்து, மனைவியின் குடும்பப் பெயரையும் தம் பெயருடன் இணைத்துக்கொண்டார். நிலமும் நகரச் சொத்தும் இவ்வாறு ஒன்று சேர்ந்தன. இத்திருமணம் இன்றேல் அடுத்து நிகழ்ந்த மறுமலர்ச்சியும் இல்லை.

அம்மறுமலர்ச்சியின் நாயகர் 1830இற் பிறந்த ரொபேட் ஆதர், பின்னாளில் மூன்றாம் மார்க்விஸ். இவர் இளைய மகன்; சொத்துக்குரியவர் அல்லர். ஈற்றன் கல்லூரியிலே சகமாணவரின் கொடுமை தாங்காது வீடு திரும்பியவர். 1857இல் நீதிபதி ஒருவரின் மகளைத் தந்தையின் விருப்பத்துக்கு மாறாக மணந்தமையால், பல ஆண்டுகள் சஞ்சிகைகளுக்கு எழுதியே வருவாயைப் பெருக்க வேண்டியவரானார். ஒரு மார்க்விஸின் மகன் கூலிக்கு எழுதியமை அக்காலத்தில் அரிய செய்தி. அவரது கட்டுரைகளிலே ஒரே பொருள் திரும்பத் திரும்ப வரும்: வாக்குரிமை விரிந்தால் எண்ணிக்கை செல்வத்தை விழுங்கிவிடும், மாற்றம் எதுவும் பெரும்பாலும் கேட்டையே தரும், ஆதலின் இயன்றவரை ஒன்றும் நிகழாதிருத்தலே நன்று. 1865இல் தமையன் இறக்க, எழுத்தாளர் வாரிசானார். 1866 யூலையில், தமது 36ஆவது வயதில், டேர்பி பிரபுவின் அமைச்சரவையிலே இந்திய அமைச்சரானார்.

ஒன்றும் செய்யாதிருத்தல் என்னும் கோட்பாடு ஒரு நாட்டிற் சிந்தனையாகவும் வேறொரு நாட்டிற் சாவாகவும் இருக்கக்கூடும் என்பதை அவர் பதவியேற்ற அவ்வாண்டிலேயே கண்டார். ஒரிசாவில் முந்திய ஆண்டின் மழை பொய்த்திருந்தது. வங்காள அரசின் வருவாய்ச் சபையார் உணவுத் தட்டுப்பாடு இல்லையென்றே அறிக்கையிட்டு வந்தனர். புதிய அமைச்சர் அவ்வறிக்கைகளை நம்பி இரு மாதங்கள் வாளாவிருந்தார். அதற்குள் பருவக்காற்றினால் ஒரிசாத் துறைமுகங்கள் அடைபட்டு, உணவனுப்ப வழியில்லாமற் போயிற்று. ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். தம்மீதும் பழி உண்டு என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. பின்னாளில் அதனை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நிபுணர்களின் கூற்றில் அவர் வாழ்நாள் முழுவதும் காட்டிய அவநம்பிக்கைக்கு இதுவே தோற்றுவாய் என்பர். ஆயினும் அந்த ஒப்புதலை அளவுக்குமீறிப் போற்றுவது பொருந்தாது. பத்தாண்டுகளின் பின் நிகழ்ந்ததை நோக்கும்போது, மனம் வருந்துதலும் முறையை மாற்றுதலும் இருவேறு காரியங்கள் என்பது தெளிவாகும்.

1867இல், டிஸ்றேலி வாக்குரிமையை விரிவாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இவர் பதவி துறந்து தம் தலைவர்களைத் துரோகிகள் எனச் சாடினார். ஆனால் அடுத்த ஆண்டில் தந்தை இறந்து, பிரபுக்கள் சபைக்குள் நுழைந்ததும் அவர் வகுத்த கோட்பாடு நுட்பமானது. பொதுமக்கள் சபை ஒன்றை நிறைவேற்றிய மாத்திரத்தே பிரபுக்கள் பணிய வேண்டியதில்லை. நாட்டு மக்களின் தீர்ப்பு அதுதானா என்பது ஐயமாயிருக்கும் வரை தடுக்கலாம். தேர்தல் மூலம் ஐயம் நீங்கியதும் பணிந்துவிட வேண்டும். 1869இல் அயர்லாந்துத் திருச்சபையின் அரச அந்தஸ்தை நீக்கும் மசோதா வந்தபோது, அதனை வெறுத்துக்கொண்டே வழிவிடுமாறு பிரபுக்களுக்கு ஆலோசனை கூறினார். பிறப்பினால் வந்த அதிகாரத்துக்கு மக்களாட்சியின் பெயராலேயே நியாயம் கற்பித்த இவ்வாதம், பழைமைபேண் கட்சியின் அறிவுச் சாதனைகளுள் முதன்மையானது என்பதில் ஐயமில்லை.

1874இல் மீண்டும் இந்திய அமைச்சரானார். அடுத்த ஆண்டில் எழுதிய உத்தியோகக் குறிப்பொன்றில், இந்தியாவின் இரத்தத்தை எடுத்தே ஆகவேண்டுமாயின், ஏற்கெனவே மெலிந்துபோன குடியானவரிடமன்றி இரத்தம் தேங்கியிருக்கும் பகுதிகளிலேயே கத்தியை வைக்கவேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். குடியானவர்மீது வரிச்சுமையைக் கூட்டலாகாது என்பதே அவர் சொல்ல வந்தது. ஆனால் இரத்தம் எடுக்கப்படுகிறது என்பதை இந்திய அமைச்சரே இயல்பாகக் கொண்டு எழுதியமையைத் தாதாபாய் நௌரோஜி விட்டுவிடவில்லை. இந்தியச் செல்வம் வடிந்தோடுகிறது என்ற தம் வாதத்துக்கு அக்குறிப்பையே மீண்டும் மீண்டும் சாட்சியாக்கினார்.

1876இல் தென்னிந்தியாவிற் பருவமழை பொய்த்தது. தமிழ் மக்களின் நினைவிலே தாது வருடப் பஞ்சம் என்று நிலைத்துவிட்ட பெரும் பஞ்சம் தொடங்கியது. பஞ்சக் கும்மிகளிலும் பாட்டிமார் கதைகளிலும் பல தலைமுறைக்கு வாழ்ந்த அப்பஞ்சத்தின் முதற் கட்டத்தில், அதற்குப் பொறுப்பான அமைச்சர் எங்கிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1876 டிசெம்பரிலும் 1877 சனவரியிலும் சாலிஸ்பரி, துருக்கியப் பிரச்சினை பற்றிய வல்லரசுகளின் மாநாட்டுக்காகக் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்தார். அவர் தெரிந்தனுப்பிய இராசப்பிரதிநிதி லிற்றன் பிரபு, 1877 சனவரி முதலாந் திகதி, விக்ரோறியாவை இந்தியப் பேரரசியாகப் பிரகடனஞ் செய்யும் பெருவிழாவை டில்லியில் நடத்திக்கொண்டிருந்தார்.

சென்னை அரசு தானியத்தைத் தானே கொள்வனவு செய்யத் தொடங்கியபோது, வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று லிற்றனின் அரசு கண்டித்தது. செலவைக் குறைக்க ரிச்சர்ட் ரெம்பிள் என்பவர் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இதே ரெம்பிள் 1874இற் பீகாரிலே பர்மா அரிசியை இறக்குமதி செய்து, உயிரிழப்பைப் பெரிதும் தவிர்த்தவர். பணத்தை வாரியிறைத்தார் என்று அதற்காகக் கண்டிக்கப்பட்டவர். பெற்ற பாடத்தை இம்முறை அவர் மறக்கவில்லை. நிவாரண வேலையில் ஈடுபட்ட வளர்ந்த ஆணொருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் சிறிது காசுமே கூலி என வகுத்தார். சென்னையின் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ், மண்சுமக்கும் உடலை இவ்வளவு உணவு தாங்காது என்று எழுத்திலே எதிர்த்து நின்றார். சில மாதங்களின் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களில் நிகழ வேண்டியது நிகழ்ந்துவிட்டது. சென்னை, மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளில் 1876–78 பஞ்சத்தில் இறந்தோர் தொகை 50 இலட்சத்துக்கு மேற்பட்டதென மதிப்பிடப்படுகின்றது. உயிரோடிருந்தவர்களிற் பல்லாயிரவர் கடல் கடந்து, மன்னார் வழியாக மாத்தளை நோக்கி நடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த காலம் இதுவே. சென்னை நகரினூடே அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாயும் அப்பஞ்சத்தின் நிவாரண வேலையே. ஆளுநராயிருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைப் பெற்றது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இவ்வழிவுக்குச் சாலிஸ்பரி ஒருவரையே குற்றவாளியாக்குதல் வரலாற்று நோக்காகாது. சந்தையின் சுயாதீனத்தில் அக்கால ஆளும் வர்க்கம் முழுவதும் கொண்டிருந்த நம்பிக்கை, வரவு செலவைச் சமப்படுத்தும் அவா, தூரம், லிற்றனின் மனப்பாங்கு ஆகிய யாவும் சேர்ந்தே இதனை விளைவித்தன. ஆயினும், ஒரிசாவிலே தாமதத்தின் பொருளைக் கண்ணாற் கண்ட ஒருவர் மீண்டும் அதே ஆசனத்தில் இருந்தும் அமைப்பு அவ்வாறே இயங்கிற்று. பிரபுக்கள் சபையில் ஒரு மசோதாவை ஓராண்டு பின்தள்ளினால் அரசியற் கட்சிகள் பேரம் பேச அவகாசம் கிடைக்கும். பஞ்சத்திலே மூன்று கிழமை பின்தள்ளினால் பேரம் பேச எதிரில் ஆள் இருக்கமாட்டான்.

1878இல் வெளிநாட்டமைச்சராகிய சாலிஸ்பரி, 1885 முதல் 1902 வரை மும்முறை பிரதம மந்திரியாகி, மொத்தம் 13 ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டார். பிரபுக்கள் சபையிலிருந்தவாறே பிரதம மந்திரியாய் ஆட்சி நடத்தியவர்களில் இறுதியானவர் இவரே. இக்காலத்தில் அவரது முறை முழு வளர்ச்சி எய்தியது. 1884இல் கிளாட்ஸ்ரன் கிராமத் தொழிலாளருக்கும் வாக்குரிமை வழங்க முற்பட்டபோது, பிரபுக்கள் சபையைக் கொண்டு அதனைத் தடுத்து நிறுத்தினார். வாக்குரிமையை ஒழிப்பதற்கன்று, தொகுதிகளையும் உடன் மாற்றியமைக்குமாறு வற்புறுத்துவதற்கு. கிளாட்ஸ்ரன் இணங்கினார். இரு கட்சித் தலைவர்களும் தனியே அமர்ந்து நாட்டைப் பெரும்பாலும் ஓரங்கத்தவர் தொகுதிகளாகப் பிரித்தனர். வாக்காளர் தொகை சுமார் 30 இலட்சத்திலிருந்து 50 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது. அதே வேளையில் நகரப் புறங்களில் வாழ்ந்த மத்தியதர வர்க்கத்தினர் தனித் தொகுதிகளைப் பெற்றுப் பழைமைபேண் கட்சியின் கோட்டையாயினர். மக்களாட்சியைக் கண்டு வாழ்நாள் முழுவதும் அஞ்சியவர், அதன் தொகுதி எல்லைகளை வரைந்து, அதனாலேயே வெற்றியும் பெற்றார். 1888இல் மாவட்ட சபைகளும் 1891இல் இலவச ஆரம்பக் கல்வியும் இவரது அரசாலேயே வழங்கப்பட்டன.

அயர்லாந்து விடயத்தில் இம்முறை வேறு முகங் காட்டியது. 1893இல் அயர்லாந்துச் சுயாட்சி மசோதாவைப் பிரபுக்கள் 419 வாக்குகளுக்கு 41 என்ற கணக்கில் நிராகரித்தனர். 1895 தேர்தலில் சாலிஸ்பரியே வென்றமையால் அவர் கோட்பாட்டின்படி அது நியாயமாயிற்று. ஆனால் அத்தேர்தல் தீர்ப்பு பிரித்தானிய வாக்காளரின் தீர்ப்பேயன்றி ஐரிஷ் மக்களின் தீர்ப்பன்று. சிறுபான்மைத் தேசிய இனமொன்றின் கோரிக்கையை முழு நாட்டின் பெரும்பான்மை வாக்கைக் காட்டித் தள்ளிவைத்தமையின் விளைவு, 1916 கிளர்ச்சியாகவும் அதன் பின்வந்த போராகவும் பிரிவினையாகவும் முடிந்தது.

குடும்பத்தவரைப் பதவியில் அமர்த்துவதில் அவர் கூச்சங் காட்டியவரல்லர். உடன்பிறந்தாளின் மைந்தன் ஆதர் பல்போர் 1887இல் அயர்லாந்துக்குப் பொறுப்பான அமைச்சராகவும் 1902இல் மாமனுக்குப்பின் பிரதம மந்திரியாகவும் ஆனார். 1900ஆம் ஆண்டு அமைச்சரவை மாற்றத்தின் பின், மற்றொரு பல்போர், மகளை மணந்த செல்போர்ன், மூத்த மகன் ஆகியோரும் பதவிகளில் இருந்தனர். ஸ்ராண்ட் வீதியிலே குடும்பத்துக்குரியதாயிருந்த நிலத்தில் எழுந்த ஹோட்டல் செசில் என்னும் பெருவிடுதியின் பெயரையே அரசாங்கத்துக்குச் சூட்டி மக்கள் நகைத்தனர். தனி வாழ்விலோ சாலிஸ்பரி விசித்திரமானவர். ஹற்பீல்டில் இரசாயன ஆய்வுகூடம் அமைத்தார். நாட்டிலே முதன்முதல் மின்விளக்குப் பெற்ற மாளிகைகளில் அதுவும் ஒன்று. கூரையோரக் கம்பிகளில் தீப்பொறி பறந்தால் குடும்பத்தினர் மெத்தைகளை எறிந்து அணைத்துவிட்டு உரையாடலைத் தொடர்வராம். எதையும் மாற்ற விரும்பாத அரசியல்வாதி மின்சாரத்தில் மட்டும் அவசரம் காட்டினார்.

பேரரசின் பிற மக்களைப் பற்றிய அவர் மனப்பாங்கு 1888இல் எடின்பரோவிலே வெளிப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் ஹொல்போர்ன் தொகுதியிலே தோல்வியுற்ற நௌரோஜியைக் குறிப்பிட்டு, ஆங்கிலத் தொகுதியொன்று கறுப்பு மனிதனைத் தெரிவுசெய்யும் காலம் வந்துவிட்டதாகத் தாம் நினைக்கவில்லை என்ற கருத்தைப் பொதுமேடையிற் கூறினார். எதிர்ப்பு எழுந்தது, நௌரோஜியின் பெயர் நாடெங்கும் பரவியது. 1892இல் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் விரல்விட்டு எண்ணத்தக்க வாக்குகளால் நௌரோஜி வென்றார். அதே தேர்தலின் விளைவாகச் சாலிஸ்பரி பதவியிழந்தார்.

1903இல் அவர் இறந்தபின் மைந்தர்கள் தந்தையின் நம்பிக்கையைப் பெற்றனர், நிதானத்தைப் பெற்றாரல்லர். 1911இல் பிரபுக்களின் தடுப்பதிகாரத்தைக் குறைக்கும் சட்டம் வந்தபோது, பொதுமக்கள் சபையிற் பிரதம மந்திரி அஸ்குவித்தைப் பேசவிடாமற் கூச்சலிட்டோருக்கு ஹியூ செசில் தலைமை தாங்கினார். நான்காம் மார்க்விஸ் இறுதிவரை எதிர்த்து மடிவோம் என்ற அணியில் நின்றார். 131 வாக்குகளுக்கு 114 என்ற கணக்கில் அவ்வணி தோற்றது. தந்தை உயிரோடிருந்திருப்பின் தேர்தல் முடிவைப் பார்த்துப் பணிந்திருப்பார் என்று கருத இடமுண்டு. மற்றொரு மைந்தர் ரொபேட் செசில் வேறு வழி சென்றார். பெண்கள் வாக்குரிமையை ஆதரித்த இவர், சர்வதேச சங்கத்தை உருவாக்கியோரில் ஒருவராகி 1937இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். போருக்கு முன்னர் நாடுகளைச் சில மாதங்களேனும் பொறுத்திருக்கச் செய்யும் ஏற்பாடு அச்சங்கத்தின் சாசனத்தில் முக்கியமானது. குடும்பக் கலையான காலந்தாழ்த்தல் மானிட நன்மைக்குப் பயன்பட முயன்ற ஒரே தருணம் அதுவாகும். அதுவும் வெற்றி பெறவில்லை.

1945இல் தொழிற் கட்சி பெருவெற்றி ஈட்டியது. பிரபுக்கள் சபையிலோ அக்கட்சிக்கு மிகச் சிலரே இருந்தனர். அங்கு பழைமைபேண் கட்சிக்குத் தலைமை தாங்கியவர் மூன்றாம் மார்க்விஸின் பேரன்; அப்போது கிரான்போர்ன் எனவும் 1947 முதல் ஐந்தாம் மார்க்விஸ் எனவும் அழைக்கப்பட்டவர். 1942இல் சில மாதங்கள் குடியேற்ற நாடுகளின் அமைச்சராகவும் இருந்தவர். இவரும் தொழிற் கட்சியின் அடிசன் பிரபுவும் கண்ட உடன்பாட்டின்படி, தேர்தல் விஞ்ஞாபனத்தில் வாக்களிக்கப்பட்ட மசோதாவைப் பிரபுக்கள் இரண்டாம் வாசிப்பில் நிராகரித்தலாகாது. சாலிஸ்பரி மரபு என வழங்கும் இவ்வெழுதாச் சட்டம் பாட்டனாரின் கோட்பாட்டின் மறுபக்கமேயாகும். நிலக்கரிச் சுரங்கங்களும் புகையிரதப் பாதைகளும் தேசியமயமானதை மாளிகைக்காரர் பார்த்திருந்தனர், சபை பிழைத்தது. இலங்கையில் 1947 முதல் 1971 வரை நிலவிய செனற் சபையும் இத்தகைய காலந்தாழ்த்தும் சபை என்ற கருத்திலேயே பிறந்ததாகும்; ஆனால் அதற்கு விட்டுக்கொடுத்துப் பிழைக்கும் மரபொன்றை வளர்க்கும் அவகாசம் கிட்டவில்லை.

இதே ஐந்தாம் மார்க்விஸ் 1957 சனவரியில், ஈடன் பதவி விலகியபோது, அமைச்சர்களை ஒவ்வொருவராக அழைத்து பட்லரா மக்மில்லனா என்று வினவி அரசிக்கு முடிவைத் தெரிவித்தார். மக்மில்லன் பிரதம மந்திரியானார். இரு மாதங்களின் பின், சைப்பிரஸ் பேராயர் மக்காரியோஸை விடுவித்ததற்கு எதிர்ப்புத் தெரிவித்து மார்க்விஸ் பதவி துறந்தார். ஆட்சி ஆட்டங்காணும் என எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். பிரதம மந்திரியைத் தெரிய உதவிய குடும்பத்தின் தலைவர் விலகியதை நாடு பொருட்படுத்தவேயில்லை. பின்னர் அவர் ஆபிரிக்க விடுதலையின் வேகத்தைக் குறைக்கும் முயற்சியில் இறங்கினார். உள்நாட்டுத் தொழிலாளருக்கு 1945இல் வழிவிட்ட அதே மனிதர், ரொடீசியாவின் வெள்ளையரல்லாத மக்களுக்கு வழிவிட ஒருப்படவில்லை. 1965இல் சிறுபான்மை வெள்ளையரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் பிரகடனஞ் செய்தபோது அதன் பக்கமே நின்றார். ஒரிசாவிலும் சென்னையிலும் கண்ட எல்லைக்கோடு இங்கும் தென்படுகின்றது. வாக்குடையோர் எதிரில் இருக்கும்போது மட்டுமே விட்டுக்கொடுத்தல் கலையாகிறது. 1890இல் பாட்டனாரின் பெயரால் நிறுவப்பட்ட ரொடீசியத் தலைநகர் சாலிஸ்பரி, சிம்பாப்வே விடுதலை பெற்ற ஈராண்டின் பின், 1982இல் ஹராரே ஆயிற்று. அந்நகரின் செசில் சதுக்கம் 1988இல் ஆபிரிக்க ஒற்றுமைச் சதுக்கம் எனப் பெயர் மாறியது. பிரித்தானியக் கொடியின் கோலத்தில் அமைந்த அதன் நடைபாதைகள் மாற்றப்படவில்லை.

குடும்பத்தின் இறுதிப் பேரம் 1998இல் நிகழ்ந்தது. பிளேயரின் தொழிற் கட்சி அரசு, பிறப்புரிமையாற் சபையில் அமர்வோர் அனைவரையும் நீக்க முற்பட்டது. எதிர்க்கட்சிப் பிரபுக்களின் தலைவர் மீண்டும் ஒரு கிரான்போர்ன். 2003இல் ஏழாம் மார்க்விஸ் ஆனவர். தம் கட்சித் தலைவர் ஹேக்கிற்கும் அறிவியாமல் அவர் அரசுடன் இரகசியமாகப் பேசி, எஞ்சிய சீர்திருத்தம் நிறைவேறும் வரை ஒரு பகுதியினர் தங்கியிருக்க ஒப்பந்தம் செய்தார். வெளிப்பட்டதும் ஹேக் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். கிரான்போர்னும் தம் செயலின் முறைகேட்டை மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் நிலைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தினால் 600க்கு மேற்பட்ட மரபுரிமைப் பிரபுக்கள் வெளியேற, 92 பேர் தற்காலிகமாக எஞ்சினர். ஓர் ஆசனம் வெற்றிடமாகும்போது மரபுரிமைப் பிரபு ஒருவரை இடைத்தேர்தல் மூலம் தெரியும் விநோத ஏற்பாடும் உடன் பிறந்தது. 2016இல் நடந்த இடைத்தேர்தலொன்றில் வாக்காளர் தொகை 3. அத்தற்காலிக 92 ஆசனங்களையும் நீக்கும் மசோதா 2024 செப்டெம்பரிலே பொதுமக்கள் சபையில் முன்வைக்கப்பட்டபோது, அவ்வேற்பாட்டுக்கு வயது ஏறத்தாழ 25.